ஒரு டின் என்பது

மஸ்கட்டிலிருந்து தாள் வந்தது:
இனி அளவெல்லாம் கிராமில்.
டின், கரண்டி, கை, சிட்டிகை
எதுவும் கணக்கில் ஏறாது.

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் முகாமின் சமையல்கூடத்தில்
ஒரே அளவு, ஒரு பால்பவுடர் டின்.
விளிம்பைச் சுத்தியலால் மழுக்கி வைத்தது.
தேய்ந்து தேய்ந்து பசு போய்விட்டது,
ஒரு கொம்பு மட்டும் இருக்கிறது.
பதிவேட்டில் உள்ள
இருநூற்று எண்பத்தாறு பேருக்கும்
அதுதான் படி, அதுதான் மரக்கால்.

ஸ்டோர் கீப்பர் என்பதால்
பெயர்த்தெழுதும் வேலை எனக்கு.
வந்த நாள் முதல்
ஊருக்குப் போகிறவர்களின் அட்டைப்பெட்டியை மட்டுமே
முப்பது கிலோ தாண்டாமல் பார்த்துக்கொண்டிருந்த தராசை
இரவு பதினொன்றுக்கு மேல் துடைத்தேன்.
டின்னை வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.
பூஜ்யம்.
டின் அங்கேயேதான் இருக்கிறது,
தராசுக்கு அது இல்லை.

ரவை, ஆயிரத்து முந்நூற்று முப்பது.
மைதா சலித்துப் போட்டால் தொள்ளாயிரத்து ஐம்பது,
அழுத்திப் போட்டால் ஆயிரத்து இருநூற்று நாற்பது.
ஒரே மூட்டை, ஒரே டின்,
எதை எழுத?
உப்பு கட்டிதட்டிக் கிடந்தது,
உடைத்து உடைத்து நிறுத்தேன்.
ஆகஸ்டில் இங்கே
உப்பு தான் வந்த இடத்தை மறப்பதில்லை.
மிளகாய்த்தூள் எண்ணூற்று ஐம்பதுதான்,
இத்தனை கோபத்துக்கு இவ்வளவுதானா என்று
தும்மிக்கொண்டே எழுதினேன்.
எண்ணெய் தண்ணீரைவிட லேசு.
தெரிந்ததுதான்.
ஆனாலும் இரண்டாம் தடவை நிறுத்துப் பார்த்தேன்.

சம்சுகனி எழுந்து வந்தார்,
லுங்கியை இறுக்கிக்கொண்டே.
"அரிசி?"
"ஆயிரத்து அறுநூற்று இருபது."
"எப்படி அள்ளினே?"
"தலைதட்டி."
"நான் என்னைக்குத் தலைதட்டிப் போட்டேன்?"

டின்னைப் பிடுங்கி மூட்டைக்குள் முக்கினார்.
விளிம்புக்கு மேலே ஒரு வெள்ளைக் குன்று,
ஓரத்தில் நாலைந்து மணிகள்
விழலாமா வேண்டாமா என்று நின்றன.
தராசு தடுமாறி ஓய்ந்தது:
ஆயிரத்து எழுநூற்று அறுபது.

நூற்று நாற்பது கிராம்.
ஒரு வேளைக்கு இருபத்தேழு டின்.
பெருக்கினேன். ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தேன்.
இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.

பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.
அவர் பின்பக்கச் சுவரைப் பார்த்தார்.
சுவருக்கு அந்தப் பக்கம் கடைசி பிளாக்,
மே மாதம் இழுத்து மூடிய பெயின்டிங் கம்பெனி,
சம்பளமும் பாஸ்போர்ட்டும் எங்கே என்று தெரியாமல்
எந்தப் பட்டியலிலும் இல்லாமல்
எல்லாரும் சாப்பிட்ட பிறகு
தட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறவர்கள்.
"அவங்க இருபத்தோரு பேர்தானே?" என்றேன்.
"மொஷாரப்பும் அந்த நேபாளிப் பையனும்
ரெண்டு தடவை வாங்குவானுக.
வயசு அப்படி."

விடியும்வரை அந்த ஒரு கட்டம் காலியாகவே இருந்தது.
தலைதட்டி எழுதினால் தாள் சொல்வது சரி.
தராசும் பொய் சொல்லவில்லை,
எதை வைத்தாலும் வைத்ததைச் சொல்கிறது.
வைக்கிற கைதான்
ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி.

எழுதினேன்: அரிசி, ஒரு டின், 1760.
குறிப்பு: தலைவழிய.

ஒன்பது மணிக்கு ரெஜி சார் போன்.
மற்ற முகாம்களில் எல்லாம்
ஆயிரத்து அறுநூறைத்தானே தொடுகிறது,
உங்களுக்கு மட்டும் எப்படி?
அதென்ன குறிப்பில், த, லை, வ...
எழுத்துக்கூட்டி நின்றார்.

"அது அரிசி ரகம் சார்" என்றேன்.
"கொஞ்சம் கனமான ரகம்."

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.
இங்கே சம்சுகனி
முதல் டின்னை அள்ளினார்.
இரண்டு மணிகள் தராசுக்கு வெளியே விழுந்தன.
குனிந்து பொறுக்கி
உலையில் போட்டேன்.